முடிக்குள் இருக்கும் பிடி

தெரியாதவர்கள் சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறார்கள். தெரிந்துகொண்டுவிட்டவள் யார் சொன்னதைச் செய்வது?

அழகு நிலையத்தில் அவளுக்கு விஞ்ஞானி என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். முடியை நேராக்கும் கிரீமில் ஏன் அழுகிய முட்டை வாடை வருகிறது என்று ஒருநாள் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய புத்தகக் கடையில் வேதியியல் பாடநூல் ஒன்றை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று மாதம் படித்தாள். வாடை கந்தகத்தினுடையது. முடிக்குள்ளும் கந்தகம் இருக்கிறது. இழையை இழையோடு இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை.

"டிரையர்ல நேராக்கினா ஒரு மழை போதும், பழைய சுருள் வந்துடும். தண்ணி பட்டதும் விட்டுப்போற பிணைப்பு அது. கந்தகப் பிணைப்பு அப்படியில்ல, சட்டைப் பட்டன் மாதிரி. கிரீமைப் போட்டுப் பட்டனைக் கழட்டுறோம், இழுத்து நேராக்கி வேற ஓட்டையில மாட்டுறோம். ஒவ்வொரு தடவையும் நாலு பட்டன் தெறிச்சுப் போகும். அப்புறம் சட்டை என்னத்துக்கு ஆகும்?"

வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அடுத்த நாற்காலிக்குப் போனார்கள். அவள் சரியாகச் சொன்ன நாட்களிலும் அவளோடு வேலை செய்வது சுலபமாக இருந்ததில்லை.

ஒருநாள் முதலாளியம்மாவின் நாத்தனார் தன் மகளை அழைத்துவந்தாள். நான்கு நாளில் கல்யாணம். ஐந்து மாதத்தில் இரண்டு முறை வேறெங்கோ நேராக்கிய தலை, நடுவில் சாயம் ஏற்ற நிறத்தை வெளுத்தது வேறு. மறுபடி நேராக்க வேண்டுமாம், கூடப் பத்து நிமிடம் கிரீமை வைத்து.

விஞ்ஞானி ஒரே ஒரு முடியைப் பிடுங்கி நனைத்து இழுத்தாள். மென்று துப்பிய பபிள்கம் போல நீண்டது. சுருங்கவில்லை. அறுந்தது.

"நல்ல முடின்னா இழுத்து விட்டதும் திரும்பி வரும். இது வராது. நான் போடமாட்டேன்."

"ஒரு முடி அறுந்தா குடியா முழுகிப்போகும்? தலையில லட்சம் இருக்கு," என்றாள் நாத்தனார்.

"லட்சமும் அதே மருந்தைத்தானே குடிச்சிருக்குங்க?"

நாத்தனார் முதலாளியம்மா பக்கம் திரும்பினாள். "என்ன அண்ணி, உங்க கடையில யாரு முதலாளி?"

முதலாளியம்மாவின் முகம் சுண்டிப்போனது. "ஏய், நீ போடு. இல்லன்னா கத்திரியை வெச்சுட்டுக் கிளம்பு."

"கத்திரியை வெக்கிறேன். பொண்ணு தலையை விட்டுடுங்க."

பதினோரு வருடம் நின்ற இடம் அது. வீட்டில் கணவனுக்கு நிரந்தர வேலை இல்லை. முதலாளியம்மா தானே கிரீம் டப்பாவைத் திறந்தாள். விஞ்ஞானி அதை அவள் கையிலிருந்து பறித்துத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திருகிவிட்டாள். கடை முழுக்க முட்டை வாடை. அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

நாத்தனார் விடவில்லை. மகளை அடுத்த தெருக் கடைக்கு இழுத்துப்போனாள். இரண்டாம் நாள் காலை அந்தப் பெண் விஞ்ஞானி வீட்டு வாசலில் நின்றாள். காதுக்குக் கீழே முடி கொத்துக் கொத்தாக ஒடிந்திருந்தது. பின்னால் தாய், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"எதாவது பண்ணுங்கக்கா."

"வெட்டத்தான் முடியும். ஒட்ட முடியாது."

"வெட்டுங்க."

சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, கணவனின் பழைய சட்டையைத் தோளில் போர்த்தி, காதோரத்துக்கு ஒரே சீராக வெட்டினாள். பெண் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். நம்பிச் சொன்னாளா தெரியாது. கல்யாணத்துக்கு அப்படியே போனாள்.

அடுத்த வாரம் முதலாளியம்மாவே வந்தாள். "வந்துடுடி. இனிமே எந்தத் தலைக்கு என்ன போடணும்னு நீ சொல்றதுதான். நான் குறுக்க வரமாட்டேன்."

அவள் கேட்டதெல்லாம் அதுதான். கணவன் முகம் மலர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை விஞ்ஞானி அழகு நிலையத்துக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் பட்டறையில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். ரப்பர் இழைகளைப் பிணைப்பதும் கந்தகம்தான். ஆனால் அதுதான் காரணம் என்று அவள் சொன்னதில்லை. வேறு காரணமும் சொன்னதில்லை.