வளைவுக்கு இரண்டு பரோட்டா

பண்பொழியில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே திருமலைக் கோயிலுக்கு ஏறும் மலைச்சாலை தெரிகிறது. அதில் என் மகன் சைக்கிள் பந்தயம் நடத்தப்போகிறான். வளைவுக்கு வளைவு நின்று, இரண்டு பரோட்டாவும் கோழி வறுவலும் தின்றுவிட்டு ஏற வேண்டும். அவனும் ஓட்டுவானாம். வேறொரு மலை இறக்கத்தில் விழுந்து உடைந்த தோள் எலும்பு இப்போதுதான் கூடியிருக்கிறது. போன் அடித்தால் இன்னும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன்.

கடைக்கார அண்ணாச்சி மாவை வீசிக்கொண்டே கேட்கிறார். “கோழியத் தின்னுட்டு முருகன் மலை ஏறுவியளா? இங்கன ஒரு பய வரமாட்டான், தம்பி.”

மகன் வளைவுகளைக் குறித்துவைத்த தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறான். டாக்டர் சொல்லியும் கேட்காதவன் இவர் சொல்லிக் கேட்கிறான். நான் நிம்மதியாக ஒரு டீ சொல்கிறேன்.

“கும்பிட்டுட்டு இறங்கி வாங்க. இங்கன சுடச்சுடத் திங்கலாம்லா” என்கிறார் அண்ணாச்சி.

மகன் நிமிர்கிறான். “அம்மா, இது இன்னும் நல்லாருக்கு. யார் முதல்ல கீழ வரானோ அவனுக்குத்தான் முதல் பரோட்டா.”

ஏற்றத்திலாவது யாராலும் வேகமாகப் போக முடியாது. கோழிக்குப் பதிலாக வளைவுகளுக்குப் பரோட்டாவோடு காய்கறிச் சால்னா கொடுத்தனுப்ப முடியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்கிறேன்.