புளித்த தண்ணீர்

கண்ணாடிக் கூரை போட்ட அந்த நாற்றுப் பண்ணையில் அவளுக்குத் தொட்டி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மண்ணே இல்லாமல் தண்ணீரில் வெள்ளரி நாற்று வளர்க்கிற இடம் அது. அந்தத் தண்ணீரில் உப்புகளைக் கலந்து செடிக்குச் சாப்பாடு போடுவது பதினெட்டு வருஷமாக அவள் வேலை. அதென்ன பெரிய வித்தை, போட்டுக் கலக்க வேண்டியதுதானே என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போயிற்று. அன்று முழுக்க அந்த ஆளுக்குப் பாடம் நடக்கும்.

"செடிக்கு வாய் இல்லைன்னு யார் சொன்னா? வேர் முழுக்க வாய்தான்," என்பாள். "அம்மோனியம் உப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கண்டுபிடிச்சு அந்தப் பக்கமா கிளை விடும். அளவா கிடைச்சா வாசலைத் திறந்து வச்சுக்கும். அதிகமானா சாத்திக்கப் பார்க்கும். உன் வீட்டுக்காரருக்குக்கூடப் போதும்னு சொல்லத் தெரியாது, இதுக்குத் தெரியும்." கடைசி வாக்கியம் அவளுடைய நாத்தனாருக்கு. அவளும் அதே பண்ணையில் நாற்று நடுகிறவள். அண்ணியின் வாய்க்கு எதிர்வாய் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் என்றாலும், அவள்கூட இதற்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

தராசில் ஒரு கிராம் பிசக மாட்டாள் தொட்டி அக்கா. ஆனால் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவே மாட்டாள். அம்மோனியம், நைட்ரேட் என்று அவள் கலக்குகிற இரண்டு உப்பும் வெள்ளை. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்ப்பாள். பிசுபிசுத்தால் நைட்ரேட், மணலாய் உதிர்ந்தால் அம்மோனியம். இதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அடைமழை பெய்த ஒரு வாரத்தில் தண்ணீர் புளிக்க ஆரம்பித்தது. புளிப்பை அளக்கிற மீட்டரில் ஆறு என்று இருக்க வேண்டிய எண் சாயங்காலமானால் நாலரைக்கு இறங்கியது. எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். காலையில் சரிசெய்தால் மாலையில் மறுபடியும் அதே கதை. பண்ணைக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் நேராக அவளிடம் வந்தார்.

"அக்கா, எண்ணைக் குறைக்கிற ஆசிட்டைக் கண்ணளவுல ஊத்துறீங்கன்னு நினைக்கிறேன். திங்கக்கிழமையிலேருந்து நீங்க பேக்கிங்ல இருங்க. கலக்குறதுக்கு மெஷின் போட்டுக்கலாம்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கா பதினெட்டு வருஷம்? ஆனால் கத்தவில்லை. காலையில் ஆறுக்குச் சரிசெய்திருந்த தொட்டியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் மொண்டாள். ஒன்றில் இருபது நாற்றுகளை வேர் நனைய வைத்தாள், இன்னொன்றை வெறுமனே விட்டாள். இரண்டையும் இன்ஜினியரின் அறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள்.

"தம்பி, ரூமைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க. சாயங்காலம் பார்ப்போம், ஊத்துறது நானா வேறயான்னு."

சாயங்காலம் வெறும் வாளியில் ஆறு அப்படியே நின்றது. செடி வைத்த வாளியில் நாலரை. இன்ஜினியர் மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். நாலரைதான்.

"செடிதான் புளிக்க வைக்குது," என்றாள் அவள். "நைட்ரேட் குடிச்சா எண் ஏறும். அம்மோனியம் குடிச்சா வேர் புளிப்பைத் தண்ணியில விடும், எண் இறங்கும்."

"தப்பா நினைச்சுட்டேன் அக்கா, மன்னிச்சுடுங்க. பேக்கிங் பேச்சை விட்டுடுங்க," என்றார் அவர். "புளிப்பை முறிக்கிற காரத்தைக் கொஞ்சம் ஊத்தி எண்ணை ஏத்திடலாம்."

வாசலில் நின்ற நாத்தனாரின் முகத்தில் வெற்றிக் களை. தொட்டி அக்காவோ, தான் சொன்னதையே திரும்ப ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவள் கலக்குகிற கணக்கில் அம்மோனியம் ஒரு பங்கு என்றால் நைட்ரேட் ஒன்பது. ஒரு பங்கைக் குடித்துவிட்டு இவ்வளவு புளிக்க முடியாதே. வாளியிலிருந்து ஒரு நாற்றைத் தூக்கினாள். இலை கரும்பச்சையாக, பார்க்க அமோகமாக இருந்தது. வேர் குட்டையாகி, நுனி பழுப்பேறியிருந்தது.

நேராகக் கலவை அறைக்குப் போனாள். திறந்திருந்த மூட்டை எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. அதைத் திருப்பினாள். அம்மோனியம். மேலே கூரை ஒழுகி, மூட்டை முக்கால்வாசி ஈரம். விரலில் தேய்த்தால் நைட்ரேட்டைப் போலவே பிசுபிசுத்தது.

பின்னாலேயே வந்த நாத்தனாரும் எழுத்தைப் படித்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அண்ணி, இதைப் போய்ச் சொல்லப் போறீங்களா, உங்களுக்குப் பைத்தியமா? நாளைக்கு நல்ல மூட்டையைப் பிரிச்சா ஆச்சு. அந்த ஆள் மன்னிப்பே கேட்டுட்டாரு."

"நாளைக்குன்னா இன்னும் ஒரு ராத்திரி வேர் வேகும்டி. வாசலைச் சாத்தினாலும் இவ்வளவும் உள்ளே கசியத்தான் செய்யும்." அவள் கதவைத் திறந்தாள். "அவர் என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. நாலாயிரம் செடிகிட்ட நான் யாரை விட்டுக் கேக்கச் சொல்றது?"

காரக் கேனுடன் வந்துகொண்டிருந்த இன்ஜினியரை நடைபாதையிலேயே மறித்தாள். "அதை ஊத்தினா எண்தான் சரியாகும், வேர் சரியாகாது. மூட்டை மாறிப்போச்சு தம்பி. நைட்ரேட்னு நினைச்சு அம்மோனியத்தைப் போட்டது நான். தொட்டியைக் காலி பண்ணணும், இப்பவே."

அவர் கேனைக் கீழே வைத்தார். "இதை நான் ரிப்போர்ட்ல எழுதணுமே அக்கா," என்றார்.

"எழுதுங்க. பேக்கிங்னும் சேர்த்து எழுதுங்க. இன்னைக்குத் தண்ணியை மட்டும் நான் மாத்திடறேன்."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டே குழாயைப் பிடித்தாள். நடுராத்திரிக்குள் பன்னிரண்டு தொட்டியும் காலியாகி, சரியான உப்பு கலந்த புதுத் தண்ணீர் ஏறியது. திங்கட்கிழமை தொட்டி அக்கா தானாகவே பேக்கிங் மேஜைக்குப் போய்ப் பெட்டி ஒட்டினாள்.

தண்ணீர் மாற்றிய ஒன்பதாம் நாள் இன்ஜினியர் அந்த மேஜைக்கு வந்து, ஒரு நாற்றை வேர் மேலே தெரியும்படி நீட்டினார். பழுப்புக்கு மேலிருந்து பக்கவாட்டில் வெள்ளை வேர்கள் கிளம்பியிருந்தன.

"எல்லாத் தொட்டியிலயும் இப்படித்தான் இருக்கு. இது நல்லதா கெட்டதான்னு எனக்குப் பார்க்கத் தெரியல," என்றார். "கலவை அறையில ஒன்பது நாளா மூட்டையை யாரும் தொடல. பயமா இருக்கு எல்லாருக்கும், எனக்கும்தான்."

அவள் கையிலிருந்த பசையைத் துடைத்தாள். "நல்ல வேர்தான்," என்றாள். "வாங்க. நான் எடை போடறேன். மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு நீங்க சத்தமா படிங்க."