மாமனார் தந்த ஃப்ளாப்பி

சென்ற மாதம், ஆற்றுக்கு அக்கரைப் புறநகரான லவாலில் மாமனார் வீட்டு நிலவறையைக் காலி செய்யும்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃப்ளாப்பிகள் கிடைத்தன. எல்லாம் உள்ளங்கையளவு சதுரத் தட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் பெண்கள் நெற்றியில் ஒட்டும் ஒட்டுப்பொட்டு ஒன்று இருந்தது. அழகுக்கு ஒட்டியதல்ல, ஓட்டையை அடைக்க ஒட்டியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாமனாரிடம் இருந்தது விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். ஊரெல்லாம் வைத்திருந்தது பீசி. ஃபார்மட் செய்வது என்பது வெறும் நோட்டில் கோடு போடுவது மாதிரி; முன்பு ஏதாவது எழுதியிருந்தால் அது அழிந்துபோகும். பீசியின் முறைப்படி கோடு போட்ட தட்டை இரண்டு பெட்டிகளும் வாசிக்கும். அவருடைய பெட்டி தன் போக்கில் கோடு போட்டால் பீசி அதை வெறுந்தட்டு என்று சாதிக்கும். அதனால் பீசி முறையில் கோடு போடுவதற்கென்றே ஒரு சிறு புரோகிராம் வைத்திருந்தார். போதாக்குறைக்கு, புதிதாக வந்த தட்டுகளின் மூலையில் கூடுதலாக ஒரு ஓட்டை. அது திறந்திருந்தால் பீசி அதைக் கூடுதலாகக் கொள்ளும் வேறு வகைத் தட்டு என்று எண்ணிக் குழம்பும். மகளின் பொட்டு அட்டை தீரத் தீர மாமனாரின் தட்டுகள் மங்களகரமாகின. ஒருமுறை யாரோ போன் செய்து, "அண்ணை, பொட்டு கழண்டு கம்ப்யூட்டருக்குள்ளை விழுந்திட்டுது" என்று அழாத குறையாகச் சொன்னாராம். "பயப்பிடாதையும், அதுக்கும் ஒரு லட்சணம் வேணும்தானே" என்றாராம் இவர்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், கல்யாணத்துக்கு. பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய மனிதர், வார இறுதிகளில் ஜாதகப் பொருத்தம் பார்த்தார். கிரகக் கணக்கெல்லாம் அவரே எழுதிய புரோகிராம். பிரிண்டர் கிடையாது. பலனை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து, தட்டில் போட்டுக் கொடுப்பார். வாங்கியவர்கள் வேலையிடத்தில் கள்ளமாக அச்செடுத்துக்கொள்வார்கள். முதலில் கேட்ட பலன் பிடிக்காவிட்டால் பிறந்த நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு திரும்பவும் வந்து நின்றார்கள். அதில் நொந்துபோய் ஒரு சட்டம் போட்டார்: "ஒரு சோடிக்கு ஒருக்காத்தான் பாப்பன். எழுதிக் குடுத்ததுக்குக் கொப்பியும் வைச்சிருக்க மாட்டன்." சொந்த மைத்துனர் வந்து கெஞ்சியபோதும் அந்தச் சட்டம் வளையவில்லை.

இப்படிப்பட்டவரின் மகளைத்தான் நான் காதலித்தேன். நான் சென்னைக்காரன், இங்கே நகருக்குள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒற்றை அறையில் குடியிருந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர். அவள் என்னோடு வேலை பார்த்தவள். சென்னையில் என் அம்மா ஒரே பிடியாக நின்றார். "சிலோன்காரங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஜாதகம் பொருந்தணும். அவர்தான் பாக்கறவராமே, அவரே பாத்து எழுதட்டும்" என்றார். எங்கள் கல்யாணம் மொத்தமும் ஒரு தட்டில் வந்து நின்றது.

அப்போது மெட்ரோ லவால் வரை போகாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இறங்கி, பனியில் நின்று பஸ் பிடித்துப் போனேன். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினார். "கொண்டுபோய் வாசியும் தம்பி" என்றார், அவ்வளவுதான். அதில் பொட்டு இருந்ததா இல்லையா என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை.

வீடு வந்ததும் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் பீசியில் சொருகினேன். திரையில் ஏதோ கேள்வி வந்தது. பீசி எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று நானும் வழக்கம்போல 'யெஸ்' அமுக்கினேன். தட்டு கறகறவென்று சுற்ற ஆரம்பித்த பிறகுதான் வாசித்தேன்: இந்தத் தட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா? பதறிப்போய் வெளியே இழுத்தேன். பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. கம்ப்யூட்டரால் சோறு தின்கிறவன் தன் கல்யாணத்தைத் தன் கையாலேயே அழித்தான் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் அதே பஸ். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே உளறிக்கொட்டிவிட்டேன். மாமனார் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார்.

"முழுக்க அழிஞ்சுதோ?"

"முழுசா, அங்கிள். இன்னொரு தடவை பாத்து..."

"ரெண்டாந்தரம் பாக்கிறேல்லை எண்டது உமக்குத் தெரியும்."

"என்ன வந்திருந்ததுன்னாவது சொல்லுங்களேன்."

"மறந்திட்டன்" என்றார். ஊரில் யாருடைய நட்சத்திரம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர். அவர் எழுந்து போய்க் கடிதத்தாள் எடுத்து வந்து, என் கண்ணெதிரே என் அம்மாவுக்கு எழுதினார். நலம் விசாரிப்புக்குப் பிறகு விஷயம் இரண்டே வாக்கியம்: "பார்த்தாயிற்று. செய்யலாம்." பொய் சொல்லாத மனிதர் என்று பெயரெடுத்தவர். இரண்டுமே பொய்யில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். சண்டை போட்ட நாட்களிலெல்லாம், அந்தத் தட்டில் இதுதான் எழுதியிருந்திருக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் குத்திக்காட்டிக்கொண்டோம்.

மாமனார் போன குளிர்காலத்தில் காலமானார். நிலவறையில் அந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய தொழில்நுட்ப ஆராய்ச்சிபோல மனைவியிடம் சொன்னேன்: "எல்லாருக்கும் பாத்துப் பாத்து பீசி முறையில ஃபார்மட் பண்ணிக் குடுத்தவர், எனக்கு மட்டும் எப்படிக் கோட்டை விட்டார்னுதான் இன்னிக்கும் புரியல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கோட்டை விடேல்லை. அண்டைக்கு வேணுமெண்டே அந்த ஃபார்மட் புரோகிராமைப் போடாமல்தான் செய்தவர். நான் பக்கத்திலைதான் இருந்தனான். எங்கடை சாதகக் குறிப்பு ரெண்டும் ஒண்டுக்கொண்டு துளியும் சேரேல்லை. பொய் எழுத அவருக்கு ஏலாது, என்னட்டை மாட்டன் எண்டு சொல்லவும் அவருக்கு ஏலாது."

இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தேன். "நான் கேள்வியைப் படிச்சுப் பாத்து, வேண்டாம்னு அமுக்கியிருந்தா?"

"நானும் அதைத்தான் கேட்டனான். அப்பா சொன்னார்: வாசிச்சுப் பாத்து இல்லை எண்டு அமத்தினா, பிறகு யோசிப்பம். வாசிக்காமலே ஓம் எண்டு அமத்திற ஆளெண்டா, துணிஞ்சு கட்டு பிள்ளை."