அவசரத்தின் கோதுமை

தெருவில் அவளை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அவள் கணவர், பம்பு மெக்கானிக். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவள் கை நுழைந்துவிடும், வெளியே எடுக்கத்தான் ஆள் தேட வேண்டும். தொழில் தையல். துணி கொடுத்தவர் கடைப்படி இறங்குவதற்குள் கத்தரியைத் தூக்கிவிடுவாள். பேச்சும் அப்படியே. வாக்கியத்தின் முதல் பாதி மனசுக்குள் ஓடி முடிந்துவிடும், பின்பாதி மட்டும் வாய்க்கு வரும். “வந்துடுச்சா?” என்பாள். எதைச் சொல்கிறாள் என்று கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்டவள் போய் உப்பு நிலத்தில் கோதுமை போடுகிறேன் என்று நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அம்மாவின் நிலத்தைப் பிரித்தபோது மேட்டுப் பாதி அண்ணனுக்குப் போனது, பள்ளத்துப் பாதி இவளுக்கு வந்தது. பள்ளத்தில் தண்ணீர் வடிய வழியில்லை. தேங்கும், வெயிலில் காயும், காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூக்கும். அதை உப்புச் சப்பில்லாத நிலம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உப்பு ஏராளம், சப்புதான் இல்லை. வருஷா வருஷம் அண்ணன் கேட்பார், “பூத்துடுச்சா?” இவள் சொல்வாள், “பூத்துடுச்சு.” அந்த வயலைப் பற்றி அந்தக் குடும்பத்தில் பேச்சு வந்தால் பூப்பது உப்பு ஒன்றுதான். வேறு எதுவும் அங்கே பூத்ததில்லை.

கடைசியில் அண்ணனுக்கு அலுத்துவிட்டது. “இறால் குட்டைக்கு விட்டுடலாம். வெட்டறதுக்கு ஆள் தயாரா இருக்கு,” என்றார்.

“ஒரே ஒரு போகம் குடுங்கண்ணே. கோதுமை போட்டுப் பாக்கறேன்.”

“மறுபடி பூத்துச்சுன்னா?”

“அன்னைக்கே தோண்டிக்குங்க!”

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் யோசித்தாள். குட்டை வெட்டினால் வெட்டினதுதான், போன மேல்மண் திரும்பாது. அம்மா கொடுத்தது என்று அவளிடம் இருந்ததோ அந்தப் பள்ளம் மட்டும்.

விதைப் பண்ணையில் உப்பைத் தாங்கும் ரகம் கிடைத்தது. அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷி, உள்ளதைச் சொன்னாள். “தாங்கும்னா உப்பைத் தின்னு வளரும்னு அர்த்தம் இல்லம்மா. முதல்ல வடிகால் வெட்டுங்க. நல்ல தண்ணி விட்டு மண்ணைக் கழுவுங்க. அப்புறம் விதைங்க.” ஓரம் அடிக்காத துணி பிரிந்து போகும் என்பது தையல்காரிக்குத் தெரியாதா? வயலின் தாழ்ந்த ஓரம் நெடுக ஓடை வரை வடிகால் இழுத்தாள். கணவர் பம்பு வைத்து வாய்க்கால் தண்ணீரை ஏற்றினார். தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி, மறுபடி வடித்தார்கள். மண்ணை வரிசை வரிசையாக மேடாக்கிப் பார் பிடித்தபோது உச்சியில் விதைக்கவில்லை, ஏனென்றால் உப்பு ஏறி உட்காரும் இடம் அதுதான். இரண்டு பக்கச் சரிவிலும் கோடு பிடித்து விதைத்தாள், இரட்டைத் தையல் போட்ட மாதிரி.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. அதுதானே அவளுக்கு வராது! விடிந்தால் வயல், கடை மூடினால் வயல். “துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். பயிரைப் பிடிச்சு மேல இழுத்துடாதே தாயே,” என்று கணவர் கும்பிடு போட்டார்.

கதிர் வந்தது. பிறகு ஒரு காலை, பனி காய்ந்துகொண்டிருந்த நேரம், கதிரின் பக்கங்களில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஏதோ தொங்குவதைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். பூ! ஒரு கதிரில் இல்லை, அந்தக் கோடி வரைக்கும் பூ! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே! பூத்துடுச்சு! வயல் பூரா பூத்துடுச்சு!”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். அண்ணன் என்ன சொல்வார் என்று கேட்க அவளுக்கு எங்கே நேரம்? அடுத்த பாரைப் பார்க்க ஓடினாள்.

வெயில் ஏறுவதற்குள் மண் பாதையில் ஒரு பொக்லைன் உறுமிக்கொண்டு வந்தது. வாயெல்லாம் பல்லாக இவள் எதிரே போனாள்.

ஓட்டுநர் தலையை நீட்டினார். “பூத்துடுச்சாமே? உங்க அண்ணன் சொன்னாருங்க.”

“ஆமாங்க, பூத்துடுச்சு! பாக்கவா வந்தீங்க?”

“பாக்க இல்லைங்க. தோண்ட வந்தேன்.”

“பூத்ததைப் போய் யாராவது தோண்டுவாங்களா?”

“பூத்தாத்தான் தோண்டணும்னு சொன்னாருங்க.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அட என் நாக்கே! எத்தனையோ வருஷமாகச் சொன்ன அதே சொல்லை அல்லவா தூக்கிப் போட்டிருக்கிறோம்! பொக்லைன் அதற்குள் வரப்பில் ஏறிவிட்டது, சக்கரத்தடியில் ஒரு மூலைக் கதிர்கள் மடங்கின. “நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே ஓடி, தோண்டும் வாளிக்கு நேர் கீழே நின்றாள். ஓட்டுநர் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். அப்போதுதான் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார்.

“உப்பு இல்லண்ணே! பூ! கோதுமைப் பூ!”

“எங்கே?” ஒரு கதிரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இதுவா பூ? பொடுகு மாதிரில்ல இருக்கு.”

“கோதுமைக்கு இவ்வளவுதான் பூ. இதுக்கு மேல வேணும்னா ரோஜாதான் நடணும்!”

அண்ணன் சிரிக்கவில்லை. பாருக்குள் இறங்கி அந்தக் கோடி வரை நடந்தார், கதிர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துத் தன் பாதிக்குக் கூட்டிப் போனார். வேலிச் செடிகளுக்கு அந்தப் பக்கம், பாதையிலிருந்து யாருக்கும் தெரியாத இடத்தில், அவருடைய சோளம் நுனி கருகி நின்றது. அடியில் மண் வெள்ளை. பள்ளத்து உப்பு மேட்டுக்கும் ஏறியிருந்தது.

“எப்போலேர்ந்துண்ணே?”

“போன வருஷமே. உரம் பத்தலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்.” அவர் அவளைப் பார்க்காமலே பேசினார். “உன்னுது தோத்துச்சுன்னா அதோட இதையும் சேத்துக் குட்டைக்குக் குடுத்துடலாம்னு இருந்தேன். தனியா தோக்க வெக்கமா இருந்துச்சும்மா.”

மேட்டை எடுத்துக்கொண்ட அண்ணன்மேல் இத்தனை நாள் இருந்த கோபம் அவளுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கும் பொறுமை வேண்டுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டே பொக்லைனைப் பார்த்துக் கையை வீசினாள்.

“தோண்டத்தானே வந்தீங்க? இங்க வந்து தோண்டுங்க! இந்த ஓரமா, நேரா என் வடிகால் வரைக்கும்!”

“இப்பவேவா?” என்றார் அண்ணன்.

“பின்ன எப்போ? உப்பு என்ன நாள் பாத்தா வந்து உக்காந்துச்சு?”

ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தலையாட்டினார். வாளி இறங்கியது. பூத்தது மணி பிடிக்குமா, பதராகுமா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, அண்ணன் பக்கத்து வேலையைத் தள்ளிப்போட அது ஒரு காரணமா?

ஓரம் நெடுக மண் பிளந்துகொண்டே போனது. வெட்டிய பக்கச் சுவரிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் கசிந்து, வடிகாலில் சேர்ந்து, தயங்கித் தயங்கி ஓடைப் பக்கம் நகர ஆரம்பித்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார்.

“கரிக்குதுடி!” என்று கத்தினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மேலே நின்றவளுக்குப் புரியவில்லை. “வெளிய போகுது பாரு, வெளிய போகுது!”