பால் காய்ச்சாத வீடு

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், கிளென் வேவர்லியில் நாங்கள் வீடு கட்டிய தெருவுக்கு அப்போது தார் போட்டிருக்கவில்லை. மழை பெய்தால் களிமண் சப்பாத்தைப் பிடித்த பிடி விடாது. வேலியும் கிடையாது, மிஞ்சிய செங்கல்லும் மரத்துண்டுகளும் குவிந்து கிடந்த இடம்தான் எல்லை. ஆனால் வீட்டுக்குள் எல்லாம் பளிச்சென்று இருந்தது. குசினியில் நாலு சுருளோடு வெள்ளை வெளேரென்று ஒரு மின்சார அடுப்பு. குடிவந்த பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அடுப்பை நான் தொடவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிட்ட பிறகுதான் அடுப்பில் வேறு எதுவும் ஏற வேண்டும். அந்தப் பாலை அம்மாதான் காய்ச்ச வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் சொந்தத்தில் யார் வீடு குடிபுகுந்தாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். கைராசிக்காரி என்பார்கள். பட்டுச்சீலையும் பெரிய குங்குமப் பொட்டுமாக அம்மா அடுப்படியில் நின்றால், பால் பொங்காமல் என்ன செய்யும்? என் சொந்த வீட்டுக்கு மட்டும் அந்தக் கை வராமல் போவதா?

அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தந்தி எங்கள் கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. உடனே விமானம் ஏறுகிற வசதி எங்களுக்கு இல்லை. மறுநாள் காலை நான் வழக்கம்போல ரயில் பிடித்து வேலைக்குப் போனேன். அம்மா அங்கே தனித்துப்போனார் என்பதால் அவரை இங்கே கூப்பிடுகிற அவசரம் இன்னும் கூடியது.

அடுப்பு விஷயத்தை என் புருஷனிடம் சொன்னபோது, இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் விருப்பம் என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். சட்டினிக்கு உப்புக் காணாது என்று அரை மணி நேரம் வழக்காடுகிற மனுசன் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அம்மா வருவதோ இழுபட்டுக்கொண்டே போனது. அந்த நாளில் இலங்கையை விட்டுக் கிளம்பவே அனுமதி எடுக்க வேண்டும். இங்கத்தைய விசா வேறு. வருகிற மாதம், அதற்கடுத்த மாதம் என்று போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கார் விடுகிற காராஜில் சமைத்தோம். கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சின்னக் காஸ் அடுப்பு ஒன்று வாங்கி, பெயின்ற் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல் வைத்தோம். இங்கே ஜூனில்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நான் புளிக்குழம்பு கிண்டிய கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சோறு வடிக்கிறபோதெல்லாம் இவரைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன், விசா கொடுக்கிறவர்களைத் திட்டினேன். இவர் சாப்பாட்டுக் கோப்பையை ஏந்திக்கொண்டு, காருக்கும் ஒரு அகப்பை போடு, அதுவும் இந்த வீட்டு ஆள்தானே என்பார்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை, தன் புருஷனை, சுத்தியல் திருப்புளி வைத்த ஆயுதப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் அடுப்பு பழுது, சொல்ல வெட்கப்படுகிறோம் என்று இருவரும் முடிவுகட்டியிருந்தார்கள். அடுப்பு நல்ல அடுப்புத்தான், அதை முதலில் என் அம்மா மூட்ட வேண்டும், அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். அந்த மனுசன் பெட்டியை மூடிவிட்டு மேலே கூரையைப் பார்த்தார். ஆனால் அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. தன் தாய் வேறு மாநிலத்தில் இருக்கிறாராம், பார்த்துக் கனகாலமாம். அதன் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் அம்மா வந்தாச்சா என்றுதான் கேட்பார்.

மரங்கள் பூக்கத் தொடங்கிய காலத்தில்தான் அம்மா வந்தார். விமான நிலையத்தில் நான் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினேன். வெள்ளைச் சீலையும் சாம்பல் நிறச் சுவெட்டருமாக ஒரு வயதுபோன மனுசி என் முன்னால் வந்து நின்றார். நான் அவரைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்த பிறகுதான் விளங்கியது. என்ன அம்மா இப்படி மெலிந்துபோனீர்கள் என்று கேட்டுச் சமாளித்தேன். வழியெல்லாம் விடாமல் கதைத்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் வெறும் நெற்றியை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள். விடிய எழும்பி முழுகி, புதுச் சட்டியைக் கழுவித் திருநீறு பூசி, பாலை ஊற்றி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா குசினி வாசலோடு நின்றுவிட்டார்.

"நான் எப்பிடிப் பிள்ளை காய்ச்சிறது?" என்றார்.

அந்தக் கணம் வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நல்ல காரியத்தில் புருஷனை இழந்தவர்கள் முன்னுக்கு நிற்பதில்லை என்று பிறந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அம்மாவும் அப்படி ஒதுங்கி நிற்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் தெரிந்துதான் இத்தனை மாதமும் குளிருக்குள் இருந்து சாப்பிட்டிருக்கிறார்.

"இஞ்சை ஆர் அம்மா பாக்கினம்?" என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஆரும் பாக்கினம் எண்டோ சொல்லுறன்? நீங்கள் ரெண்டு பேரும் நல்லா இருக்க வேணும். நீ காய்ச்சு. நான் இதிலை நிக்கிறன்."

வேறு வழியில்லாமல் நானே காய்ச்சினேன். பால் நுரைத்து எழும்பிய உடனே சுவிட்சைத் திருப்பினேன். மின்சார அடுப்பின் குணம் எனக்கு எங்கே தெரியும்? அணைத்த பிறகும் சுருள் சிவந்தபடியே இருந்தது. பால் பொங்கியது, வழிந்தது, இன்னும் இன்னும் வழிந்து, கருகிப் புகைந்தது. நான் மரம் மாதிரி நின்றேன். வாசலில் நின்ற அம்மா ஒரே எட்டில் உள்ளே வந்து, சீலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை மெல்ல எடுத்துத் தலைப்பில் துடைத்தார்.

"கொப்பர் நிண்டிருந்தா, முதல் தேத்தண்ணி தனக்கெண்டு கேட்டிருப்பார்," என்றார்.

வந்த நாளிலிருந்து அம்மா அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தேங்காய்ப்பூத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தபடி தேத்தண்ணி கேட்கிற அப்பாவின் குரல் எனக்குக் காதோடு கேட்டது. அந்தக் குரல் இனி எங்கேயும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தந்தி வந்த அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், புது அடுப்பின் முன்னால் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன்.

அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல நாளில், குடிபுகுந்த வீட்டில் அழக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.