மூன்று தடவை வைத்த தொலைபேசி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிட்னியின் புறநகரான கிரவீனில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்த காலம். அன்று சனிக்கிழமை காலை, வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முதலில் என் மகனின் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பப்புவா நியூகினிப் பக்கம் ஒரு சின்னத் தீவில் எரிமலை இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் நிலையத்தில் அவனுக்கு வேலை. மூன்று மாதம் அங்கே, இரண்டு கிழமை இங்கே. மலைக்குள் ஏற்படும் நடுக்கங்களை ஒரு கருவி ஊசியால் கடதாசியில் கீறிக்கொண்டே இருக்குமாம். மணித்தியாலத்துக்கு எத்தனை என்று எண்ணுவார்களாம். எண்ணிக்கை கூடக்கூட எச்சரிக்கையையும் படிப்படியாக ஏற்றுவார்கள். மூன்றாம் படி என்றால் மலையடிவாரத்துச் சனம் எல்லாம் வள்ளம் ஏறி அடுத்த தீவுக்குப் போய்விட வேண்டும். வீணாக ஒரு தடவை கிளப்பிவிட்டால் அடுத்த தடவை ஒருவரும் அசையமாட்டார்கள் என்று சாப்பிடும்போது சொல்லுவான். அதனால் அந்தப் படியை ஏற்றச் சொல்லும் பொறுப்பு இரண்டே பேருக்குத்தான். அந்த நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவர் ஒருவர், மற்றது என் மகன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தில் நேரமும் இலக்கங்களும் தெரியும், வேறொன்றும் தெரியாது. பிறவியிலேயே கூச்சம். தமிழில் பேசவே தயங்குவேன். தொலைபேசியில் ஆங்கிலக் குரல் கேட்டால், "நோபடி ஹோம், சொறி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அது மருமகள் பழக்கிவிட்ட வார்த்தை.

அன்றைக்கு மகனும் மருமகளும் கெல்லிவில்லில் ஒரு சிநேகிதரின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு விடியவே போய்விட்டார்கள். ஏழு மணிபோல் தொலைபேசி அடித்தது. ஓர் ஆண் குரல், அவசர அவசரமான ஆங்கிலம். சொல்லவேண்டியதைச் சொல்லி வைத்துவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப அடித்தது. அதே குரல். வைத்தேன். எட்டு மணிக்கு மூன்றாம் தடவை. அந்த ஆள் கத்தியே விட்டார். பயத்தில் அதையும் வைத்தேன்.

நாலாம் தடவை அடித்தபோது எடுக்கவே மனமில்லை. குசினியில் அடுப்போடு நின்று மணியை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து, பதினாறு. நிற்கவில்லை. எடுத்தேன். இந்த முறை அவர் கத்தவில்லை. என் மகனின் பெயரை ஒரு தடவை சொன்னார். பிறகு ஆறுதலாக, ஒவ்வொன்றாக இலக்கங்களை மட்டும் சொன்னார். "ஐந்து மணி, பன்னிரண்டு. ஆறு மணி, பத்தொன்பது. ஏழு மணி, நாற்பத்தொன்று. எட்டு மணி, எழுபது." திரும்பவும் அதையே சொன்னார். நான் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்து நாலு இலக்கங்களையும் ஒன்றாகப் பார்த்தேன். ஊரில் ஷெல்லடி நடந்த நாட்களில் பங்கர்க் குழிக்குள் இருந்து சத்தங்களை எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கை இப்படி ஏறினால் என்ன வரப்போகிறது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"ஓகே, ஓகே" என்றேன். லைன் அறுந்தது.

பால்காய்ச்சு வீட்டுக்கு இன்னும் தொலைபேசி இணைப்பு எடுக்கவில்லை. விலாசம் போட்ட அழைப்பிதழ் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு வீடு தள்ளி ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை இருந்தாள், நர்ஸ். எதிர்ப்பட்டால் சிரிப்பதோடு சரி, நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இரவு வேலை முடிந்து படுத்திருப்பாள் என்று தெரிந்தும் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன்.

"பிள்ளை, என்னை ஒருக்கா கெல்லிவில்லுக்குக் கொண்டு போவீங்களே? இப்பவே. மகனைப் பார்க்க வேணும்."

அவள் கண்ணைக் கசக்கினாள். "ஐயோ ஆன்ட்டி, நீங்க பேசுவீங்களா! ரெண்டு வருஷமா உங்களுக்குப் பேச்சு வராதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"மலை வெடிக்கப் போகுது பிள்ளை."

"எந்த மலை? புளூ மவுண்டன்ஸா?"

தாளை நீட்டினேன். மகனின் வேலையைச் சொன்னேன். பன்னிரண்டு, பத்தொன்பது, நாற்பத்தொன்று, எழுபது என்று விரலை வைத்து வாசித்தாள். அதன் பிறகு சிரிக்கவில்லை. இரவுச் சட்டைக்கு மேல் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தாள்.

கெல்லிவில்லில் அப்போது புதுப்புதுத் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்த ரோடே புக்குல இல்ல ஆன்ட்டி!" என்று தெருப்படப் புத்தகத்தை என் மடியில் போட்டாள். சுற்றிச் சுற்றி அதே மண்மேட்டுக்கே வந்தோம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், கேட்கத் தெருவில் ஆளில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மணி ஒன்பதே கால். இப்போது எழுபது எத்தனை ஆகியிருக்கும் என்றே மனம் கணக்குப் பார்த்தது. அப்போதுதான் ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்ததைக் கண்டேன்.

"பிள்ளை, நிப்பாட்டுங்கோ! உதுதான் வீடு!"

வீட்டுக்கார அம்மா, "வாங்க வாங்க, பால் சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்தா. உள்ளே நாற்பது ஐம்பது பேர். வீட்டுச் சட்டையோடும் கலைந்த தலையோடும் அத்தனை பேருக்கு நடுவில் நடந்துபோய் மகனிடம் தாளைக் கொடுத்தேன். அவன் முகம் மாறியது.

"இது எப்ப வந்தது?"

"எட்டரைக்கு. அதுக்கு முன்னம் மூண்டு தரம் அடிச்சவர். நான் வைச்சிட்டன் தம்பி."

வந்திருந்தவர்களில் ஒருவரிடம் கைத்தொலைபேசி இருந்தது. அதை வாங்கி வெளியே போய் எண்களை அழுத்தினான். இரண்டு தடவை கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை கிடைத்தது. மூன்றாம் படி, இப்போதே, என்று அவன் சொன்னது எனக்கும் விளங்கியது. பெரியவர் மலேரியாக் காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர்தான் எங்கள் வீட்டுக்கு அடித்தவர்.

பகல் ஒரு மணிக்குப் பிறகு மலை வெடித்தது. அடுத்த நாளே மகன் விமானம் ஏறினான். சனம் தப்பிவிட்டது என்று மட்டும் மருமகளுக்குச் சொல்லியனுப்பினான்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். சோறு போட்டுவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, நான் போனை வைச்ச அந்த நேரத்தால என்ன நடந்தது? மறைக்காமல் சொல்லு."

சாப்பிட்ட கையை நிறுத்தினான். "கடைசி வள்ளம் திரும்பி வரப் பிந்திப்போச்சு அம்மா. கொஞ்சப் பேர் கரையில நிண்டவை. சுடுசாம்பல் விழுந்திட்டுது. ஒருத்தரும் சாகேல்லை. ஒரு அம்மாவுக்கு மட்டும் கால் ரெண்டும் வெந்துபோச்சு. இப்ப தடியோட நடக்கிறா."

"எத்தினை வயசு?"

"உங்கட வயசிருக்கும்."

"அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு இன்றும் அவனை நன்றியோடு நினைக்கிறேன். ஏழு மணியிலிருந்து எட்டரை வரையான அந்த ஒன்றரை மணித்தியாலம் நான் தொலைத்தது, வேறு யாரும் அல்ல. கூச்சம் என்பது என்னோடு மட்டும் இருந்துவிட்டுப் போகும் ஒரு குணம், அதனால் பிறருக்கு நட்டம் ஒன்றுமில்லை என்று அந்த வயது வரை நினைத்திருந்தேன். பெயரும் முகமும் தெரியாத அந்த அம்மா எங்கேயோ ஒரு கடற்கரையில் தடி ஊன்றி நடப்பா என்று நினைக்கும்போதெல்லாம், நான் வைத்த அந்த மூன்று தடவையும் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வருகின்றன.