முந்தானையில் முடிந்துவைத்த நல்ல கிருமி

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்!

(திருடப் போகவில்லை. பேத்திக்குச் சேனை வைக்கப் போனேன்.)

என் மகள் செல்விக்கு மாதம் நிறைவதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பாண்டிச்சேரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுவாள்.

எங்கள் மரக்காணம் பக்கம், பிறந்த பிள்ளையின் நாக்கில் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்போம். அதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

வெறும் சர்க்கரை எதற்கு என்று யோசித்தேன்.

முன்பு உப்பள வேலையில் காலில் புண்ணாகி, அதற்கு மாத்திரை விழுங்கி, எனக்கு வயிற்றால் போனது. டாக்டர் ஒரு பவுடர் கொடுத்தார். புரோபயாட்டிக்காம். வயிற்றுக்கு நல்லது செய்கிற உயிருள்ள கிருமியாம். கரைத்துக் குடித்தேன், தேறிவிட்டேன்!

மிச்சமிருந்த பாக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். (ஐந்தாவது படித்த மூளைக்கு அவ்வளவு பெருமை!)

முடிச்சை அவிழ்க்கும்போது நர்ஸம்மா பார்த்துவிட்டார்.

"ஆயா, இன்னாது அது?"

"நல்ல கிருமி கண்ணு. எனக்கே சரியாப் போச்சு. புள்ளைக்கு வேணாவா?"

"ஐயோ ஆயா! உங்க உடம்பு தாங்கும். இவளுக்குக் குடல் இன்னும் பிஞ்சு. அந்தக் கிருமி ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து. குடுக்கணும்னா எது, எவ்ளோன்னு டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். சர்க்கரைத் தண்ணியும் வேணாம்."

பாக்கெட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

"அப்போ எம்பேத்திக்கு சேனையே இல்லியாம்மா?"

கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

நர்ஸம்மா திட்டவில்லை. "கைய சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு வாங்க" என்றார்.

கழுவினேன். உப்பளத்திலிருந்து வந்தால்கூட அப்படித் தேய்த்ததில்லை!

செல்வி பீய்ச்சிக் கொடுத்த சீம்பால், ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் இருந்தது.

"இதுலயும் நல்லது செய்யிற கிருமி இருக்குது ஆயா. கன்னத்துக்குள்ள ஒரே சொட்டு. உங்க கைய நான் புடிச்சிக்கிறேன்."

செல்வியைப் பார்த்தேன்.

"நீயே வைம்மா" என்றாள்.

வைத்தேன். பேத்தி உதட்டைச் சப்பினாள்!

கை என்னுடையது, பால் செல்வியுடையது. இப்போது சொல்லுங்கள், இவளுக்கு யார் குணம் வரும்?

(செல்வி குணமே வரட்டும். எங்கள் இரண்டு பேரில் அழாமல் நின்றவள் அவள்தான்.)